முயலைத் தூக்குமுன்

கொடைக்கானலுக்கு மேற்கே, பழனி மலைத்தொடரில், மன்னவனூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையொன்று 1965-ஆம் ஆண்டு முதல் அங்கே நடைபெற்று வருகிறது. ஆடுகளுடன் முயல்களும் அங்கு வளர்க்கப்படுகின்றன. மாணவர்களுடன் அதைக் கண்டு திரும்பும் வழியில் ஒரு சிறுவன், "காதைப் பிடித்துத்தானே ஸார், முயலைத் தூக்க வேண்டும்?" என்று நம்மைக் கேட்டான்.

அந்தோ! காது கைப்பிடியன்று. முயல் வியர்வையால் தன்னைக் குளிர்வித்துக் கொள்வதில்லை; காதிலுள்ள இரத்தக் குழாய்களின் வழியாகவே உடற்சூடு பெரிதும் வெளியேறுகிறது. மலைக்குளிரில் சுகமாயிருக்கும் முயல், சமவெளியின் சித்திரை வெயிலில் மாண்டுபோகவும் கூடும்.

அதன் எலும்புகள் இலேசானவை. பின்னங்காற் சதையோ வலிமை மிக்கது. பின்புறம் தாங்கலின்றித் தொங்கினால், உதைக்கும் வேகத்தில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக் கொள்ளும். ஒரு கையை மார்பின் கீழும் மற்றொன்றைப் பின்புறத்தின் கீழும் கொடுத்து, நம்மோடு அணைத்தே தூக்க வேண்டும்.

அதன் 28 பற்களும் ஆயுள் முழுதும் வளர்பவை. புல்லை மென்றால்தான் தேயும். பெருத்த குருட்டுக்குடலில் புளித்து வரும் மென்மையான உருண்டைகளை முயல் மறுபடி உண்ணும். அது நோயன்று, சத்தைப் பெறும் வழி. முயலால் வாந்தியெடுக்க இயலாது. குடல் இயக்கம் நின்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே காரட்டும் சோறுமன்று, புல்லே பிரதான ஆகாரம். அரைநாள் உண்ணாதிருந்தாலும் தாமதியாது கால்நடை வைத்தியரிடம் காட்டுக.

பிற பிராணிகளுக்கு இரையாகும் முயல், நோயை மறைத்தே பழகியது. அதன் உடலமைப்பை வீட்டார் அறிந்திருப்பதே அதற்குக் காவல்.