மெல்பர்ன் நகரமும் புல்லின் மகரந்தமும்

2016-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி மாலை, பகல் முழுவதும் வெயில் கொளுத்திய மெல்பர்ன் நகரத்தின் மீது இடியும் சூறைக்காற்றுமாக ஒரு புயல் கடந்து சென்றது. அதன் பின், மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளை நாடி வந்தவர்கள், வழக்கமாக வருவோரைக் காட்டிலும் 3,000 பேருக்கு மேல் அதிகமாயிருந்தார்கள். 10 பேர் மாண்டு போனார்கள். இந்த அனர்த்தத்துக்கு மூல காரணம், நகரத்தைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களில் அந்தப் பருவத்தில் பூத்துக் கிடந்த ரை புல்லின் மகரந்தமே.

புல்லின் மகரந்தத் துகள் சாதாரணமாக மூக்கிலும் கண்ணிலும் தங்கிவிடுமேயன்றி, சுவாசப்பையின் ஆழத்துக்கு இறங்கும் அளவு நுண்ணியதன்று. அதில் உள்ள புரதத்தைச் சிலருடைய சரீரம் சத்துருவாகக் கருதி, ஹிஸ்டமின் முதலிய பொருள்களைச் சுரப்பதனாலேயே தும்மலும், நீர்வடிதலும், கண் அரிப்பும் உண்டாகின்றன. ஆனால் புயலின் ஈரம் பட்டதும் அத்துகள் நீரை உறிஞ்சி வெடித்து, ஒவ்வொன்றும் சுமார் 700 மாவுத் துணுக்குகளைச் சிதறிவிடுகிறது. கீழ்நோக்கி வீசும் காற்று அவற்றை நாம் மூச்சு வாங்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க, அவை தடையின்றிச் சுவாசக் குழாய்களின் கடைசிக் கிளை வரை சென்றுவிடுகின்றன.

பின்னர் நடந்த விசாரணையில், அன்று அவதியுற்றவர்களுள் ஆஸ்துமா உண்டென்று வைத்தியரால் முன்பே அறியப்பட்டவர்கள் 28 சதவீதமே என்றும், மகரந்த ஒவ்வாமையோ பெரும்பாலோருக்கு இருந்தது என்றும் தெரிய வந்தது. மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவர்களுள் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்களின் விகிதம் முந்திய ஆண்டுகளைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்தது என்பதை நம்மவர்கள் மறக்கலாகாது. குடியேறிய முதல் ஓரிரு வசந்தங்களில் ஒன்றும் நேராதவருக்கும், சில ஆண்டுகள் கழித்து இந்த ஒவ்வாமை தலைகாட்டுவதுண்டு. அதை வெறும் ஜலதோஷமென்று அலட்சியம் செய்து, மிளகுக் கஷாயத்தோடு நின்றுவிடுவதே எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது.

மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்தைப் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஆரம்பித்து, நாள் தவறாமல் பயன்படுத்தினால்தான் முழுப் பலன் கிட்டும். தும்மலுக்கும் அரிப்புக்கும் செட்டிரிசின், லோராட்டடின் போன்ற மாத்திரைகள் உதவும். பழைய வகை மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பதால் வாகனம் ஓட்டுபவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நலம். இவற்றுக்கும் அடங்காதவர்களுக்கு, மகரந்தத்தையே சிறு சிறு அளவில் குறைந்தது மூன்று ஆண்டுகள் கொடுத்துச் சரீரத்தைப் பழக்கும் சிகிச்சை உண்டு. 1911-இல் லண்டனில் லியனார்ட் நூன் என்ற வைத்தியர் தொடங்கி வைத்த அம்முறை, இன்று நாவின் கீழ் வைக்கும் மாத்திரையாகவும் கிடைக்கிறது.

2017 முதல், மெல்பர்ன் அடங்கிய விக்டோரியா மாநிலத்தின் அரசு, அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை, இத்தகைய புயல்களைக் குறித்து முன்னறிவிப்பு வெளியிட்டு வருகிறது. அபாயம் அதிகமென்று அறிவித்த நாளில் ஒவ்வாமை உள்ளவர்கள், புயல் வருவதற்கு முன் வீசும் காற்றுக்கே அஞ்சி, ஜன்னல்களை அடைத்துவிட்டு உள்ளே இருக்க வேண்டும். இளைப்பு கண்டால், அதைத் தணிக்கும் நீலநிற இன்ஹேலரை நான்கு முறை உறிஞ்சி, நான்கு நிமிஷம் பார்த்து, குறையாவிடில் மீண்டும் நான்கு முறை உறிஞ்ச வேண்டும். அப்போதும் தணியாவிட்டாலும், தொடக்கத்திலேயே மூச்சு மிகவும் முட்டினாலும், தாமதமின்றி 000 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.