நுண்ணுறை மருந்துகள்: நன்மையும் எச்சரிக்கையும்

பெண்டிமெத்தலின் களைக்கொல்லி வாங்கச் செல்லும் உழவர்களுக்குக் கடையில் இருவகைப் புட்டிகள் காட்டப்படுகின்றன. ஒன்றில் 30 சதம் ஈ.சி. என்றும், மற்றொன்றில் 38.7 சதம் சி.எஸ். என்றும் அச்சிடப்பட்டிருக்கும். மருந்து ஒன்றே, புட்டிக்குள் அது இருக்கும் நிலைதான் வேறு. ஈ.சி. வகையில் மருந்து எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைந்திருக்கிறது. நீரில் ஊற்றியதும் பால்போல் கலங்குவது இதனால்தான். சி.எஸ். வகையிலோ, மருந்தின் ஒவ்வொரு துளியும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உறைக்குள் அடைபட்டு நீரில் மிதக்கிறது. லாம்டா சைகலோத்ரின் என்ற பூச்சிக்கொல்லியும் 4.9 சதம் சி.எஸ். வடிவில் விற்பனையாகிறது. இந்த உறை எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், இம்மருந்துகளைக் கையாளும் முறையும் எளிதில் விளங்கும்.

சந்திப்பில் உண்டாகும் சவ்வு

எண்ணெயும் நீரும் கலப்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்று தனித்து நிற்கும். எண்ணெயில் ஒரு வேதிப்பொருளையும், நீரில் மற்றொரு வேதிப்பொருளையும் கரைத்து வைத்தால், அவை இரண்டும் சந்திக்கக்கூடிய இடம் அந்த எல்லை ஒன்றுதான். அங்கே அவை கைகோத்துச் சங்கிலிபோல் நீண்டு, பிளாஸ்டிக் போன்ற பாலிமர் சவ்வாகின்றன.

அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன விஞ்ஞானிகளான பால் மார்கன், ஸ்டெஃபனி குவோலெக் இருவரும் 1959ஆம் ஆண்டில் இதற்கு எளிய செய்முறை ஒன்றை வெளியிட்டனர். குவளையின் அடியில் ஒரு கரைப்பான், மேலே நீர். இரண்டிலும் நைலானுக்குரிய மூலப்பொருள்கள் தனித்தனியே கரைந்துள்ளன. எல்லையில் படரும் சவ்வை இடுக்கியால் பிடித்துத் தூக்கினால் நைலான் கயிறுபோல் எழுந்து வருகிறது; எடுக்க எடுக்கப் புதுச் சவ்வு உண்டாகிறது. ஆலைகளில் வழக்கமான முறையில் நைலான் செய்ய 250 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். இதற்கு அறை வெப்பமே போதும்.

சவ்வை எடுக்காமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? சவ்வே குறுக்குச் சுவராக நின்று இரு பொருள்களும் சந்திப்பதைத் தடுக்கிறது. வினை படிப்படியாகத் தளர்ந்து நின்றுவிடும். ஆகவே, உண்டாகும் சுவர் மிக மெல்லியதாகவே அமைகிறது.

துளிக்கு உறை இடும் முறை

பெண்டிமெத்தலின் 60 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும் மஞ்சள் நிறத் திடப்பொருள். உருகிய மருந்தில் ஐசோசயனேட் என்ற பொருளைக் கலந்து, வெந்நீரில் வேகமாகக் கலக்கினால் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறும். பிறகு நீரில் டைஅமீன் என்ற பொருளைச் சேர்க்கின்றனர். ஒவ்வொரு துளியின் மேற்பரப்பிலும் இவ்விரண்டும் சந்தித்துப் பாலியூரியா என்ற பாலிமர் உறையை உண்டாக்குகின்றன. உறையின் கனத்தைக் கூட்டியோ குறைத்தோ, மருந்து வெளிவரும் வேகத்தை ஆலையிலேயே அமைத்துக்கொள்ள இயலும்.

பயன் என்ன?

பெண்டிமெத்தலின் வெப்பமான, ஈரமான நிலப்பரப்பிலிருந்து ஆவியாகி வீணாகும் இயல்புடையது. உறை இருப்பதால் இவ்விழப்பு குறைகிறது. மருந்து சிறிது சிறிதாக வெளிவருகிறது. கையிலும் உடையிலும் மஞ்சள் கறை படிவதும் குறைவு. எனினும், நிலத்தில் போதிய ஈரம் இல்லாவிட்டால் எந்த வகையும் சரிவர வேலை செய்யாது.

கையாளும் முறை

1. இருவகைகளிலும் மருந்தின் அளவு வேறு. எனவே ஈ.சி.க்குச் சொன்ன மில்லி கணக்கைச் சி.எஸ்.க்குப் பயன்படுத்தக் கூடாது. புட்டியின் சீட்டில் அந்தப் பயிருக்குக் குறித்துள்ள அளவே சரியானது.

2. உறைகள் அடியில் படியக்கூடும். அளந்து ஊற்றுமுன் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும்.

3. கலந்த மருந்தைத் தெளிப்பானில் இரவு முழுவதும் விட்டுவைக்கக் கூடாது. அன்றே தெளித்துக் கருவியைக் கழுவி விடவும்.

4. ஈ.சி. மருந்துகளில் உள்ள கரைப்பான் உறைக்குள் இருக்கும் மருந்தை வெளியே இழுத்துவிடக்கூடும். சீட்டில் அனுமதி இல்லாமல் இரண்டையும் கலக்க வேண்டாம்.

5. நீரில் மிதக்கும் மருந்து என்பதால் தீங்கற்றது என எண்ண வேண்டாம். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை ஆகியவை இதற்கும் தேவை.

தேனீக்களை மறவாதீர்

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு முதல் மீதைல் பாரத்தியான் பூச்சிக்கொல்லி இதே முறையில் உறையிட்டு விற்கப்பட்டது. தெளிப்பவருக்கு ஆபத்தைக் குறைப்பது நோக்கம். ஆனால் அந்த உறைகள் மகரந்தத் தூளின் அளவிலேயே இருந்தன. பூவில் அமர்ந்த தேனீக்கள் மகரந்தத்தோடு அவற்றையும் கூட்டுக்குச் சுமந்து சென்றன. அங்கே சேமித்த மகரந்தத்தில் நஞ்சு நீண்டநாள் தங்கி, கூட்டங்களையே அழித்தது. இந்தியாவில் மீதைல் பாரத்தியான் 2018ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் பாடம் இன்றும் பொருந்தும்.

மாலையில் தேனீக்கள் கூடு திரும்பிய பின் மருந்து தெளிக்கலாம் என்பது பொதுவான பரிந்துரை. உறையிட்ட பூச்சிக்கொல்லிக்கு இது மட்டும் போதாது. மாலையில் பூவில் படிந்த உறை காலையிலும் அங்கேயே இருக்கும். சூரியகாந்தி, எள், பூசணி, பாகல் போன்றவற்றில் காய்ப்பும் மணிப்பிடிப்பும் தேனீக்களால் பெரிதும் கூடுகின்றன. தேனீ குறைந்தால் விளைச்சலும் குறையும். ஆகவே பூத்த பயிரிலும், பூத்த களைகள் நிறைந்த வரப்பிலும் இவ்வகைப் பூச்சிக்கொல்லியைத் தவிர்ப்பதே நலம்.

உறை மருந்தை மெதுவாக வெளிவிடுகிறதே தவிர, நஞ்சை நீக்கிவிடுவதில்லை. உழவர்கள் இதனை மனத்திற்கொண்டு, பயிருக்கும் பருவத்திற்கும் ஏற்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் செலவும் வீணாகாது, தேனீக்களும் காக்கப்படும்.