ஓர் எண்கூடத் தொலையாமல்

வீட்டில் பழைய பாட்டு சிடி ஏதாவது இருந்தால் அதைக் கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள். விண்டோஸ் கணினி என்றால் 'டிராக் 01', 'டிராக் 02' என்று சிடிஏ ஃபைல்கள் வரிசையாகத் தெரியும். இப்போது ஒவ்வொன்றின் அளவையும் பாருங்கள். வெறும் 44 பைட்! ஏழு நிமிடக் கீர்த்தனையும் 44 பைட்தான், ஒரு நிமிடத் துக்கடாவும் 44 பைட்தான். இதைப் பென் டிரைவில் காப்பி பண்ணி மாமா வீட்டு டிவியில் செருகினால் ஒரு முனகல்கூட வராது.

ஏனென்றால் அது பாட்டே இல்லை. 'இந்தப் பாட்டு இத்தனையாவது நிமிடம், இத்தனையாவது வினாடியில் தொடங்குகிறது' என்று விண்டோஸ் நமக்காக எழுதிக் காட்டும் ஒரு துண்டுச் சீட்டு. பாட்டு சிடியில் ஃபைல் என்று ஒன்று கிடையவே கிடையாது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சிடியை உருவாக்கியது கணினிக்காக அல்ல, கிராமபோன் தட்டுக்கும் கேசட்டுக்கும் மாற்றாகத்தான். 1982 அக்டோபரில் முதல் சிடி பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது பெரும்பாலான வீடுகளில் கணினியே இல்லை.

சிடியில் இருப்பது ஒரே ஒரு கோடு. நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி விளிம்புவரை போகும். நேராக நீட்டினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்! ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 1.6 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கோடுகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் சிடியை வெயிலில் சாய்த்தால் வானவில் நிறங்கள் ஓடுகின்றன. அந்தக் கோடு நெடுகக் குட்டிக் குட்டிப் பள்ளங்கள். பள்ளம் என்றால் 0, மேடு என்றால் 1 என்று எங்காவது படித்திருப்பீர்கள். உண்மை அதுவல்ல. பள்ளமும் மேடும் சந்திக்கும் விளிம்புதான் 1. மாற்றமில்லாத இடமெல்லாம் 0.

இந்த 0, 1 எல்லாம் சேர்ந்து எண்களாகின்றன. ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. அந்த ஏற்ற இறக்கத்தை ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். இடது ஸ்பீக்கருக்கு ஒரு வரிசை, வலது ஸ்பீக்கருக்கு இன்னொரு வரிசை. ஒவ்வோர் எண்ணும் −32,768 முதல் 32,767 வரை எதுவாகவும் இருக்கலாம்.

அதென்ன 44,100? மனிதக் காதுக்கு வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஓர் அதிர்வைப் பிடிக்க அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக அளக்க வேண்டும். ஆகவே 40,000க்கு மேல் ஏதாவது ஓர் எண் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் இந்த எண்களைப் பதிந்து வைக்க வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். டிவி படத்தின் ஒரு கோட்டில் 3 எண்கள், ஒரு தடவைக்கு 245 கோடுகள், வினாடிக்கு 60 தடவை. பெருக்கிப் பாருங்கள். வீடியோ டேப் காணாமல் போய்விட்டது. அதற்காக வந்த எண் மட்டும் இன்றும் நம் பாட்டுகளில் குடியிருக்கிறது.

ஓர் எண்ணுக்கு 2 பைட். இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து வினாடிக்கு 1,76,400 பைட். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 5 கோடியே 29 லட்சம் பைட், அதாவது சுமார் 53 எம்பி. இந்தப் பாட்டைச் சிடியிலிருந்து எடுத்து 'ஃப்ளாக்' என்ற வகை ஃபைலாக மாற்றினால் பெரும்பாலும் 30 எம்பிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கிட்டத்தட்டப் பாதி! ஆனால் ஒன்றுமே தொலையவில்லை என்கிறார்கள். கையில் இருப்பது பாதி, தொலைந்தது ஒன்றுமில்லை என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். வர வேண்டும். வாருங்கள், துருவிப் பார்ப்போம்.

முதலில், சிடியில் இருக்கும் எண்கள் கணினிக்குச் சரியாக வந்து சேருகின்றனவா? நான் பெரிய திருட்டைச் சந்தேகப்படுவது இங்கேதான்.

சிடியில் கீறல் விழும், தூசி படியும், கைரேகை ஒட்டும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். அதனால் 24 பைட் இசைக்கு 8 பைட் பாதுகாப்புக் கணக்கையும் சேர்த்தே எழுதினார்கள். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரண்டு அமெரிக்கக் கணிதக்காரர்கள் 1960இல் வெளியிட்ட முறை இது. சில எண்கள் அழிந்துபோனாலும் மிச்சமிருக்கும் எண்களையும் இந்தக் கணக்கையும் வைத்து, அழிந்தவை எவை என்று துல்லியமாகக் கண்டுபிடித்துவிடலாம். கடையில் பணம் கட்ட ஸ்கேன் பண்ணுகிறோமே, அந்த கியூஆர் கட்டத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் வேலை செய்வது இதே கணக்கால்தான்.

அதோடு இன்னொரு தந்திரமும் உண்டு. பரீட்சை ஹாலில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அடுத்தடுத்து உட்காரவிடாமல் கலைத்துப் போடுவார்கள் அல்லவா? அதுபோல அடுத்தடுத்து வரவேண்டிய எண்களைச் சிடியில் தள்ளித் தள்ளிப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் கீறல் விழுந்தாலும் இழப்பு பல இடங்களுக்குப் பிரிந்துபோகும். அதனால் கோட்டின் போக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் அழிந்தால்கூட முழுவதையும் மீட்டுவிடலாம்.

சிடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். துணியில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் கீறல் கோட்டின் போக்கிலேயே நீளமாக விழும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால் அதே கீறல் ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே ஒரு சின்ன இடத்தில் மட்டும் வெட்டும். இன்னொன்று, படம் அச்சடித்த மேல்பக்கம்தான் உண்மையில் மென்மையான பக்கம். இசை இருப்பது அந்தப் படத்துக்கு நேர் கீழே, மெல்லிய அலுமினியப் படலத்தில். பளபளக்கும் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடிமனான பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதுபவரைப் பார்த்தால் உடனே பேனாவைப் பிடுங்கிவிடுங்கள், அது அப்பாவாகவே இருந்தாலும்!

சரி, மீட்க முடியாத அளவு பெரிய கீறல் என்றால்? இங்கேதான் சிடி பிளேயர் ஒரு பொய் சொல்கிறது. முந்தைய எண் 412, அடுத்த எண் 420, நடுவில் உள்ளது தெரியவில்லை என்றால், பிளேயர் சத்தம் போடாமல் 416 என்று இட்டு நிரப்பிவிடும். காதுக்கு வித்தியாசமே தெரியாது. பாட்டுக் கேட்பதற்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் காலத்துக்கும் பாதுகாக்கப் பிரதி எடுக்கிறோம் என்றால் இந்த 416ஐ ஏற்க முடியுமா? அங்கே 431 இருந்திருக்கலாமே.

கணினிப் புரோகிராம் உள்ள சிடியில் இப்படி ஊகிக்க விடமாட்டார்கள். ஓர் எண் மாறினாலும் புரோகிராம் படுத்துவிடும். அதனால் அங்கே ஒவ்வொரு 2,352 பைட்டிலும் 2,048ஐ மட்டும் தகவலுக்கு வைத்துக்கொண்டு, மீதியை முகவரிக்கும் கூடுதல் பாதுகாப்புக்கும் ஒதுக்கினார்கள். பாட்டு சிடியில் 2,352ம் இசைக்கே.

அப்படியானால் என்ன வழி? ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதுதான். சிடிபாரனோயா, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள்கள் இதற்காகவே இருக்கின்றன. பாரனோயா என்றால் எதையும் நம்பாத சந்தேகப் புத்தி! ஒரு பகுதியை இரண்டு முறை படித்து ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் சரி. வேறுபட்டால் மறுபடி, மறுபடி, மறுபடி. கீறல் இல்லாத சிடி சில நிமிடங்களில் முடிந்துவிடும். கீறல் விழுந்ததோ டிரைவை மணிக்கணக்கில் முனக வைக்கும். அக்யூரேட்ரிப் என்று ஒரு தகவல் தொகுப்பும் உண்டு. அதே சிடியை வேறு ஊர்களில் வேறு டிரைவ்களில் படித்தவர்களுக்குக் கிடைத்த கூட்டுக்கணக்கோடு நம்முடையதை அது ஒப்பிட்டுச் சொல்லும். முன்பின் தெரியாத நாலு பேருக்கும் நமக்கும் ஒரே விடை வந்தால், எல்லோரும் ஒரே மாதிரி தப்பாகப் படித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

எண்கள் பத்திரமாக வந்துவிட்டன. இனி பாதியாகச் சுருங்கும் மர்மம்.

எம்பி3யும் சுருக்குகிறது, ஆனால் அது வேறு ஜாதி. பெரிய மேளச் சத்தம் கேட்கும்போது அதே நேரத்தில் ஒலிக்கும் மெல்லிய தம்புரா நம் காதுக்கு எட்டாது. எட்டாததை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று எம்பி3 அதைத் தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் பஸ் ஸ்டாண்டில் விற்ற ஒரே சிடியில் நூறு பாட்டு அடங்கியது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் எறிந்தது எறிந்ததுதான். எம்பி3யைப் பிறகு ஃப்ளாக்காக மாற்றினால் ஃபைல் பெரிதாகுமே தவிர அந்தத் தம்புரா திரும்பி வராது.

ஃப்ளாக் எதையும் எறிவதில்லை. ஜோஷ் கோல்சன் என்ற அமெரிக்க நிரலாளர் எழுதி 2001இல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது இது. இதன் வித்தையைக் காகிதத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு பாட்டில் அடுத்தடுத்து இந்த எண்கள் வருவதாக வைத்துக்கொள்வோம்:

2000, 2110, 2215, 2316, 2412, 2503, 2590

முதல் இரண்டும் தெரியும். 110 ஏறியிருக்கிறது. அப்படியானால் அடுத்ததும் 110 ஏறும் என்று ஊகிப்போம்: 2220. உண்மையில் வந்தது 2215. நம் ஊகம் 5 கூடிப்போயிற்று. −5 என்று மட்டும் குறித்துக்கொள்வோம். இப்போது ஏற்றம் 105. அடுத்த ஊகம் 2320, உண்மை 2316, குறிப்பது −4. இப்படியே போனால் நமக்குக் கிடைப்பது:

2000, 2110, −5, −4, −5, −5, −4

நாலிலக்க எண்கள் ஓரிலக்கமாகிவிட்டன. திரும்பப் பெறுவதும் எளிது. அதே ஊகத்தைச் செய்து, குறித்து வைத்த பிழையைச் சேர்த்தால் ஒவ்வோர் எண்ணும் அப்படியே வந்துவிடும். ஃப்ளாக் வைத்திருப்பது முதல் சில எண்களையும், ஊகிக்கும் விதியையும், ஊகம் எவ்வளவு தவறியது என்ற கணக்கையும்தான். சின்ன எண்ணுக்குச் சின்ன இடம், பெரிய எண்ணுக்குப் பெரிய இடம் என்று எழுதும் முறையை அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் ரைஸ் 1970களில் வகுத்தார். விண்கலங்கள் அனுப்பும் தகவலைச் சுருக்கப் பிறந்த கணக்கு உங்கள் பாட்டையும் சுருக்குகிறது.

ஊகம் பலித்தால்தானே லாபம்? ஒற்றை வீணையோ புல்லாங்குழலோ சீராக ஏறி இறங்கும், நன்றாகச் சுருங்கும். காது கிழியப் பதிந்த குத்துப்பாட்டு அவ்வளவு சுருங்காது. கச்சேரி முடிவில் வரும் கைத்தட்டல் ரொம்ப மோசம். ஆயிரம் கைகள் ஆளுக்கொரு நேரத்தில் தட்டினால் அடுத்த எண்ணை யாரால் ஊகிக்க முடியும்? இடதும் வலதும் ஒத்துப்போனாலும் லாபம்தான். ஒன்றை எழுதி, மற்றதற்கு வித்தியாசத்தை மட்டும் எழுதினால் போதும். ஸ்டீரியோ வருவதற்கு முந்தைய சில பழைய சினிமாப் பாட்டுகளில் இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்றே, வித்தியாசம் பூஜ்யம்.

இத்தனைக்குப் பிறகும் 'நம்பலாமா?' என்று கேட்பவருக்கு ஃப்ளாக் ஃபைலின் தொடக்கத்திலேயே பதில் இருக்கிறது. சுருக்குவதற்கு முன்பே எல்லா எண்களையும் வைத்து எம்டி5 என்ற ஒரு கணக்குப் போட்டு விடையைப் பதிந்து வைத்துவிடும். கோடிக்கணக்கான எண்களில் ஒன்றே ஒன்று 416க்குப் பதில் 417 ஆனாலும் விடை முற்றிலும் மாறிவிடும். பத்து வருடம் கழித்துப் பிரித்துப் பார்த்து அதே கணக்கைப் போடுங்கள். விடை ஒத்துப்போனால் எதுவும் தொலையவில்லை. காதை நம்பத் தேவையில்லை.

நூறு சிடிகள் இருந்தால் சுமார் 30, 40 ஜிபி போதும். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி சித்தி வீட்டில் என்று இரண்டாக வையுங்கள். சிடி அழியாது என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊரிலிருந்த ஒரு தொழிற்சாலையில் அச்சான சிடிகள் பல, விளிம்பிலிருந்து செம்பழுப்பாக மாறி ஊமையாகிப்போனது உண்டு. பாட்டின் பெயர், ராகம், பாடியவர், பக்கவாத்தியக்காரர் எல்லாம் பெரும்பாலும் சிடிக்குள் இருக்காது, அட்டையில்தான் இருக்கும். அதையும் போட்டோ எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் முறை. ஒரு பாட்டின் ஆறு எண்களைச் சுருக்கி இப்படி வைத்திருக்கிறேன்: 500, 540, 3, −2, −6, 1. அசல் எண்கள் ஆறையும் மீட்டெடுங்கள். பின்பக்கத்தில் விடை தேட வேண்டாம். அசல் எண்களைக் கூட்டினால் 3601 வரும். உங்களுக்கும் அதுவே வந்தால் ஒன்றும் தொலையவில்லை!