தாய்க் குரங்கும் சேயின் குரலும்

பிறந்த குரங்குக் குட்டி முதற் சில வாரங்கள் பெரும்பாலும் தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே கிடக்கும். பிடியை விட்டு ஓடியாடத் தொடங்கிய பின்னரே அதற்குக் குரல் இன்றியமையாததாகின்றது. புதர்மறைவிலே சிக்கிய சேயின் இருப்பிடத்தைத் தாய்க்கு உணர்த்த வேறு வழியில்லை. ஆயின், பல குட்டிகள் வாழும் கூட்டத்திலே தன் சேயின் குரல் இன்னதென்று தாய் அறியுமோ? அறியுமாயின், அவ்வறிவு எத்துணை ஆழமுடையது?

முதல் வினாவுக்குரிய விடை கென்யா நாட்டின் அம்பொசெலிப் புல்வெளியிலே கிடைத்தது. டொரதி செனி, றொபேட் சேபார்த் என்னும் தம்பதியர் ஆங்கு வாழும் வேர்வெற் குரங்குகளை ஆராய்ந்து 1980 ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். குட்டியொன்றின் அலறலை முன்னரே பதிவுசெய்து, அக்குட்டி தாயின் கண்ணிற்படாத வேளை பார்த்து, மறைவாக வைத்த ஒலிபெருக்கியினால் ஒலிக்கச் செய்தனர். அருகே அதன் தாயும், வேறு குட்டிகளின் தாய்மாரும் இருந்தன. அலறிய குட்டியின் தாயே ஏனையவற்றினும் நெடுநேரம் ஒலி வந்த திசையை நோக்கிற்று. அதனினும் வியப்பானது பிறிதொன்று. மற்றைத் தாய்மார் அத்தாயைத் திரும்பிப் பார்த்தன! இன்ன குரல் இன்னாளின் சேயினது என்பதை அயலாரும் அறிந்திருந்தனர் போலும்.

ஆயினும், குரலை அறிதல் வேறு. குரலெழுப்புவோரின் உள்ளநிலையை உணர்தல் வேறு. ஒக்கவாங்கோ ஆறு கடலைச் சேராது சதுப்பாகப் பரந்து கிடக்கும் பொட்சுவானா நாட்டிலே, இவ்விருவரும் திறூ றெண்டல் என்பாருடன் கூடிப் பபூன் குரங்குகளை ஆராய்ந்தனர். மரச்செறிவிடையே கூட்டத்தைப் பிரிந்த பபூன் குரைப்பதுபோல உரத்துக் கூவும். வழிதவறிய குட்டியின் கூவலைக் கேட்ட தாய் அத்திசையை நோக்கும். சிலவேளை அப்பக்கம் செல்லவுஞ் செய்யும். ஆனால், ‘இங்கே நிற்கின்றேன்’ என்பதுபோல மறுகுரல் கொடுப்பது அரிது. தானும் கூட்டத்தைப் பிரியும் நிலையில் இருந்தபோதே தாய் பெரும்பாலும் கூவிற்று. 2000 ஆம் ஆண்டில் வெளியான இம்முடிபு கொண்டு தாய்க்கு அன்பில்லை எனல் பெருந்தவறு. தான் அறிந்ததைச் சேய் அறியாது என்னும் எண்ணமே அதற்கு எழுவதில்லை என்று கொள்ளுதலே பொருந்தும். மறுமொழிபோலத் தோன்றுங் கூவலும் தன் தனிமையின் வெளிப்பாடே.

எல்லாக் குரங்கினமும் இவ்வாறல்ல. பிறேசில் நாட்டுக்குரிய சிறிய மார்மோசெற் குரங்குகளில் தாயுந் தந்தையுங் குட்டிகளுக்கு மறுகுரல் கொடுக்கின்றன. குட்டியின் தெளிவற்ற அழுகை ஏறத்தாழ இரண்டு மாதங்களில் முதிர்ந்த நெடுங்கூவலாக மாறும். பெற்றோர் மறுகுரல் மிகுந்தவிடத்து அம்மாற்றம் விரைவதைப் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தார் 2015 ஆம் ஆண்டில் காட்டினர். பின்னர், பதிவுசெய்த பெற்றோர் குரலை இரட்டைக் குட்டிகளுள் ஒன்றுக்கு மிகுதியாகவும் மற்றையதற்குக் குறைவாகவும் மறுமொழியாக ஒலித்துப் பார்த்தனர். மிகுதியாகப் பெற்ற குட்டியே முந்தித் தேறியது.