மழை மேளக்காரர்தான்

கோடை மழை விழுந்த நாளில் புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மோட்டார் போட வேண்டாம். ஈர மண்ணை மிதித்தால் இறுகும் என்பதால் மரத்தடிக்குப் போகவும் வேண்டாம். காய் பறிக்கவே கூடாது. நனைந்து விம்மி நிற்கும் காயை விரல் கொஞ்சம் அழுத்தினாலும் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பைகள் உடையும். பிறகு அந்த இடம் புள்ளியாகித் தழும்பு விழும். தழும்பு விழுந்த காய்க்குக் கமிஷன் கடையில் என்ன மரியாதை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வீட்டில் எல்லோரும் திண்ணையில் இருக்கிறார்கள். நமக்கும் ஒரு கட்டன் சாயா வந்துவிட்டது. குடித்துக்கொண்டே அந்த மரங்களுக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

எலுமிச்சைக்கென்றே சந்தை நடக்கும் ஊர் இது. காய் இங்கிருந்து கேரளத்துக்கு மூட்டை மூட்டையாகப் போகிறது. 2025-இல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு எலுமிச்சை பார்த்த ஊரிலும் ஒரு பேச்சு மாறாமல் இருக்கிறது: "மழை பெஞ்சுது, மரம் பூத்துட்டு." கண்ணால் பார்ப்பதும் அப்படித்தான். நல்ல மழைக்குப் பிறகு மூன்று நான்கு வாரத்தில் கிளையெல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. மழைதான் பூவைக் கொண்டுவந்தது என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் கொஞ்சம் யோசிப்போம். தண்ணீர்தான் பூவைத் தருகிறது என்றால், சொட்டுநீர்க் குழாயில் நாள் தவறாமல் குடிக்கும் மரம் அல்லவா அதிகம் பூக்க வேண்டும்? ஆனால் அந்த மரம் பச்சைப் பசேல் என்று தழைத்துக்கொண்டே போகும். பூ அங்கொன்று இங்கொன்று. 1986-இல் சவுத்விக், டேவன்போர்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தொட்டியில் வளர்த்த எலுமிச்சை வகைக் கன்றுகளைக் கொண்டு இதைச் சோதித்து எழுதினார்கள். நாலைந்து வாரம் தண்ணீரைக் குறைத்து வாடவிட்டு, பிறகு தண்ணீர் காட்டிய கன்றுகள் பூத்துக் குலுங்கின.

அப்படியானால் பூவுக்கான முடிவு வாட்டத்தின்போதே எடுக்கப்படுகிறது. எப்படி? மண்ணில் ஈரம் குறைந்ததும் மரம் முதலில் நிறுத்துவது புதுத் தளிர் விடுவதை. இலை உணவு தயாரிப்பது அதற்குப் பிறகுதான் மெல்லக் குறையும். இந்த இடைவெளியில் செலவாகாத மாவுச்சத்து கிளையில் சேர்கிறது. கூடவே இலைகளில் ஒரு புரதம் அதிகமாக உண்டாகிறது. ஃபுளோரிஜென் என்று அதற்குப் பெயர். இலையில் பிறந்து மொட்டுவரை போய், "நீ இலையாக வேண்டாம், பூவாகு" என்று சொல்லும் செய்தி என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்காலம் உள்ள ஊர்களில் ஆரஞ்சு மரத்துக்கு இந்தச் செய்தியைக் குளிர் அனுப்பிவைக்கிறது. நம் பக்கம் அவ்வளவு குளிர் ஏது? அந்த வேலையை வறட்சி பார்க்கிறது.

செய்தி கிடைத்தும் மொட்டு விரிய முடியாது. விரிவதற்குத் தண்ணீர் வேண்டும். கல்யாணத்துக்கு நாள் குறித்து, பந்தலும் போட்டாயிற்று. மேளம் கொட்ட வேண்டியதுதான் பாக்கி. மழை வந்து மேளத்தைக் கொட்டுகிறது. நாள் குறித்தது அது இல்லை.

எந்த மழையும் மேளம் கொட்டிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். புழுதி அடங்கப் பெய்யும் தூறல் மேல்மண்ணோடு நின்றுவிடும். எலுமிச்சையின் சல்லிவேர்கள் பெரும்பாலும் மேலே ஒன்றரை, இரண்டு அடிக்குள் இருக்கின்றன. அங்கே ஈரம் எட்டவேண்டும். 25 மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் காய்ந்து கிடக்கும் மண்ணை அது அரையடி நனைத்தாலே பெரிது. அதனால் மழை விட்ட மறுநாள் மண்வெட்டியால் ஒரு குழி தோண்டிப் பார்த்துவிட்டு, ஈரம் கீழே இறங்கவில்லையென்றால் கிணற்றுத் தண்ணீரை மேலே பாய்ச்சுவதுதான் விவரம். மொட்டை எழுப்பிவிட்டு மறுபடி காயப்போட்டால் பூவும் பிஞ்சும் கொட்டிவிடும். கொட்டியதற்கு மழையைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். பூ காயாகிப் பறிப்புக்கு வர ஐந்தாறு மாதம். இந்தச் சித்திரை மழையில் எழும் பூ புரட்டாசி, ஐப்பசியில் காயாகும். அப்போது மழைக்காலம்; ஜூஸ் குடிக்க யார் வருவார்கள்? விலை கிடைப்பது கோடையில். கோடைக்குக் காய் வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் பூ எடுக்க வேண்டும். அதற்கு ஆவணி, புரட்டாசியில் மரம் வாடியிருக்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் புளியங்குடிப் பக்கம் பெரும்பாலும் காற்றுதான் அடிக்கிறது. மலை மழையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கணவாய் வழியே வரும் காற்று மண்ணைக் காயவைக்கிறது. அதன்பின் வடகிழக்குப் பருவமழை. எல்லோரும் குறைசொல்லும் அந்த வறண்ட காற்றுதான் கோடைக் காய்க்கு நாள் குறித்துக் கொடுக்கிறது. வடகிழக்கு மழை அளவு மீறி அடித்துப் பூவை உதிர்த்துவிட்டாலோ, மரத்தடியில் தண்ணீர் தேங்கிவிட்டாலோ அந்த வருடம் கோடை விலை ஏறும். விற்பதற்குத்தான் காய் இருக்காது.