மலை யார் பக்கம்?

"போர் என்றால் ஏன் மலை உச்சிக்காகச் சண்டை போடுகிறார்கள்? அங்கே பனியும் பாறையும்தானே இருக்கிறது?" என்று கேட்கிறீர்களா? சபாஷ், நல்ல கேள்வி! வாருங்கள், 1999-இல் கார்கிலில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடந்த போரைப் பார்ப்போம்.

ஸ்ரீநகரிலிருந்து லடாக்கில் உள்ள லே நகருக்கு ஒரு சாலை போகிறது. அப்போதெல்லாம் குளிர்காலத்தில் அந்த வழியில் இருக்கும் சோஜி லா கணவாயைப் பனி மூடிவிடும். அதனால் லடாக்கில் இருந்தவர்களுக்கு வேண்டிய அரிசி, எண்ணெய், மருந்து எல்லாம் பெரும்பாலும் கோடையிலேயே லாரிகளில் போய்ச் சேர வேண்டியிருந்தது.

அந்தச் சாலை திராஸ் என்ற ஊர் வழியாகப் போகிறது. பக்கத்திலேயே தோலோலிங், டைகர் ஹில் என்ற மலைகள். கடுங்குளிரில் இந்தியப் படை ஆள் வைக்காமல் விட்டிருந்த உச்சிகளில் பாகிஸ்தான் படையினர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் சாலையில் போகும் லாரிகள் பளிச்சென்று தெரியும். பீரங்கிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உச்சியைப் பிடித்தவர் கையில் சாலையும் இருக்கிறது. புரிகிறதா?

இப்போது ஒரு மாமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிளையில் ஒருவன், கீழே நீ. நீ எறியும் கல் மேலே போகப் போக வேகம் குறையும். அவன் போடும் மாங்காயோ கீழே வர வர வேகம் கூடும். எல்லாம் புவியீர்ப்பு செய்யும் வேலை! உச்சிகளை மீட்க மலையேறிப் போன இந்திய வீரர்களுக்கும் இதே கஷ்டம்தான். ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட அங்கே கிடையாது. அதனால்தான் பெரும்பாலும் இரவில் ஏறினார்கள்.

மூச்சுக்கும் திண்டாட்டம். டைகர் ஹில் சுமார் 5,000 மீட்டர் உயரம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கே இருக்கும் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. எனவே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான்! உடம்பு பழகச் சில நாள் ஆகும். பழகாமல் ஓடினால் தலைவலி, வாந்தி, சிலசமயம் உயிருக்கே ஆபத்து.

வேடிக்கை என்ன தெரியுமா? நம் மூச்சைத் திணறடிக்கும் அதே மெல்லிய காற்று, பீரங்கிக் குண்டுக்கு உதவி செய்கிறது! உரசித் தடுக்கக் காற்று குறைவு. அதனால் இந்தியப் படையின் போஃபர்ஸ் பீரங்கியின் குண்டுகள் சமவெளியில் போவதைவிட அதிக தூரம் போயின. குறி வைக்கும் கணக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது.

அப்படியானால் மேலே இருப்பவரை வெல்லவே முடியாதா? முடியும். உச்சியில் இருப்பவருக்குத் தூரத்துச் சாலை தெரியும். காலுக்கு நேர் கீழே இருக்கும் செங்குத்துப் பாறை தெரியாது. "இந்தப் பக்கம் எவன் ஏறுவான்?" என்று காவலும் அங்கே குறைவாகத்தான் இருக்கும். ஜூலை தொடக்கத்தில் ஓர் இரவு, இந்திய வீரர்கள் சிலர் கயிறு பிடித்து டைகர் ஹில்லில் அப்படியொரு செங்குத்துப் பக்கமாகத்தான் ஏறினார்கள்.