முதலில் மேய்ச்சல், பிறகு மீன்

மண்டரின் மீனைக் கடையில் பார்த்ததும் எல்லாரும் விலையைத்தான் கேட்கிறார்கள். என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லி அனுப்பும் கேள்வி வேறு: "இது இப்ப என் கண்ணு முன்னால சாப்பிடுமா?"

ஆறேழு சென்டிமீட்டர் நீளமுள்ள சின்ன மீன் இது. நீல உடம்பு முழுக்க ஆரஞ்சுக் கோடுகள் நெளிந்து ஓடும். முகத்தில் பச்சை தெறிக்கும். தரையோடு தரையாக, நடப்பதா நீந்துவதா என்று தெரியாத ஒரு நகர்வு. 1927இல் ஆல்பர்ட் ஹெர்ரே என்ற மீனியல் அறிஞர் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார். ஜப்பானின் தெற்குத் தீவுகளிலிருந்து பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியா வரை பவளப் பாறை இடுக்குகளில் வாழ்கிறது. நம் மலேசியாவிலும் உண்டு. சபாவின் மாபுல் தீவில் பொழுது சாயும் நேரத்தில் இதைப் பார்க்கவென்றே கடலில் மூழ்குகிறார்கள்.

அந்த நீலத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மயில் கழுத்தின் நீலம் சாயமல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் அப்படித் தெரிகிறது. நீலமான மீன்களில் பெரும்பாலானவற்றின் கதையும் அதுதான். மண்டரின் மீனின் தோலிலோ நீல நிறமியையே சுமக்கும் செல்கள் இருக்கின்றன. 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டு எழுதினார்கள். முதுகெலும்புள்ள உயிர்களில் இது மிக மிக அபூர்வம்.

இதற்குச் செதில் கிடையாது. அதற்குப் பதிலாகக் கசப்பும் நாற்றமும் உள்ள தடித்த வழவழப்பு உடம்பை மூடியிருக்கும். பெரிய மீன்கள் வாய் வைக்கத் தயங்கும்; மற்ற மீன்களை வாட்டும் வெண்புள்ளி நோயும் இதை எளிதில் பிடிப்பதில்லை. அதனால் 'நோய் வராத மீன்' என்று நம்பி வாங்குகிறார்கள். நோய் எளிதில் வராதுதான். பட்டினி வரும்.

எங்கள் வீடு பாரோயில், தாமான் வீட்டு வரிசையில். அம்மா கித்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்துக்குப் பின்னால் மாடும் வளர்த்தவர். தொட்டி முன்னால் நாற்காலி போட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கேட்டார்:

"ஏன்யா, இது எந்நேரமும் மேஞ்சிக்கிட்டே இருக்கே?"

"ஆமாம்மா. இதுக்கு வயிறு சின்னது. ஒவ்வொரு பூச்சியா கொத்திக் கொத்தித்தான் திங்கும்."

"அப்ப மொதல்ல புல்லு இருக்கான்னு பாத்துட்டுத்தானே மாட்ட வாங்கணும்?"

இந்த மீனை வளர்க்க நினைக்கும் யாருக்கும் இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. கடலில் நாளெல்லாம் மேய்கிற உயிருக்கு நாளுக்கு இருவேளை தட்டில் வைத்தால் போதாது. குருணைத் தீனியைப் போட்டால் கோமாளி மீன்கள் பாய்ந்து தின்று முடித்துவிடும். மண்டரின் அப்போதுதான் தலையைத் திருப்பிப் பார்க்கும். அது தேடுவது கோபெபாட் என்னும், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் ஓட்டுயிர்களையும், அவற்றோடு பாறையில் ஊரும் சின்னப் புழுக்களையும் நத்தைக் குஞ்சுகளையும்தான். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அந்த வேட்டை ஓயாது.

ஆகவே தொட்டி வைத்த மாதமே மண்டரின் வாங்காதீர்கள். குறைந்தது 200 லிட்டர் தொட்டி வேண்டும். உயிருள்ள பாறை, அதாவது சிற்றுயிர்கள் குடியிருக்கும் பாறைத் துண்டுகள், நிறைய அடுக்கி, ஆறு மாதமாவது ஓடவிட்ட தொட்டியாக இருக்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளி ஓடினால் மேய்ச்சல் தயார். கோபெபாட்டையே தின்னும் சிறு ராஸ் மீன்கள் அதே தொட்டியில் இருந்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

தொட்டியில் பிறக்கும் கோபெபாட் மட்டும் பெரும்பாலும் போதாது. தனியாகவும் வளர்க்கலாம், கஷ்டமே இல்லை. கண்ணாடி ஜாடியில் உப்புநீர், மெல்லக் குமிழி விடும் காற்றுக் குழாய், தீனியாகப் பச்சைநீர், அதாவது நுண்பாசி வளர்ந்த கடல்நீர். டிஸ்பி என்னும் வகை பத்துப் பதினைந்து நாளில் ஒரு தலைமுறை பெருகும். மெல்லிய வலையில் வடித்துத் தொட்டியில் விட வேண்டியதுதான். ஜாடி இரண்டாக இருக்கட்டும். ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும்.

போர்ட் டிக்சன் பக்கத்திலேயே இருக்கிறதே, கடல்நீரை அள்ளிவரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கப்பல் நெரிசலான நீரிணைக் கரை அது. மழைக்குப் பிறகு ஆற்றுநீரும் சேறும் கலந்து உப்பளவு மாறிவிடும். வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடலுப்பு கலப்பதையே நான் நம்புகிறேன். பெரிய செலவு வெப்பத்தால் வருவது. நம் வீட்டு ஹாலில் பகலில் தண்ணீர் தானாகவே 30 பாகைக்கு ஏறும். இந்த மீனுக்கு 25, 26 போதும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஆக்சிஜன் குறையும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதியில்லை என்றால் இந்த மீனைத் தள்ளிப்போடுங்கள். கரண்டு போகும் நேரத்துக்கு பேட்டரி காற்றுப் பம்பும் வேண்டும்.

ஆணை முதுகின் முன்துடுப்பில் நீண்டு நிற்கும் முள்ளை வைத்து அறியலாம். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடக் கூடாது. சண்டை சாவில் முடியும். ஆணும் பெண்ணுமாக வைத்தால், அந்தி மங்கும்போது இரண்டும் வயிற்றோடு வயிறு ஒட்டி மேலே எழும். உச்சியில் முட்டையை விட்டுச் சட்டென்று கீழிறங்கும். கடலில் ஒவ்வொரு மாலையும் பாறைமேட்டில் நடக்கும் காரியம் இது.

என்னை வருத்துவது கடலில் இந்த மீன்களைப் பிடிக்கும் வேட்டைதான். பிலிப்பைன்ஸில் ஊசி முனை வைத்த சின்னஞ்சிறு ஈட்டித் துப்பாக்கியால் இவற்றைக் குத்திப் பிடிக்கிறார்கள். வண்ணமும் உருவமும் பெரிதாக உள்ள ஆண்களுக்கே விலை அதிகம். பெண் மீன்களும் பெரிய ஆண்களையே நாடுகின்றன. அந்த ஆண்கள் போன இடத்தில் முட்டையிடுவதும் குறையும்.

மாற்று வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2010 வாக்கில் பண்ணையில் பிறந்த மண்டரின்கள் விற்பனைக்கு வந்தன. பண்ணைக் குஞ்சு உறைய வைத்த தீனியையும் தின்னப் பழகியிருக்கும். விலை கூடுதல்தான், கொடுக்கத் தகும். கடையில் அது கிடைக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லிக் காத்திருங்கள். வந்ததும் மேலிருந்து உற்றுப் பாருங்கள். தலைக்குப் பின்னால் உடம்பு உட்குழிந்து, வயிறு ஒட்டியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வயிறு உருண்டு, கடைக்காரர் போடும் தீனியை உங்கள் கண்முன் கொத்தித் தின்றால் வாங்குங்கள்.